பம்பு வாங்கும் முன் டயரைப் படியுங்கள்

அது 1923ஆம் ஆண்டு. அக்டோபர் மாதம். மும்பை நகரிலிருந்து ஆறு இளைஞர்கள் சைக்கிளில் புறப்பட்டார்கள். எங்கே போவதற்கு? உலகத்தைச் சுற்றி வருவதற்கு!

ஆறு பேரில் மூன்று பேர் பயணத்தை முழுதாக முடித்தார்கள். அடி ஹக்கீம், ஜால் பாபசோலா, ருஸ்தம் பும்காரா என்பவை அவர்கள் பெயர்கள். பாலைவனங்களைக் கடந்தார்கள். காடுகளைக் கடந்தார்கள். 1928ஆம் ஆண்டு மார்ச் மாதம் மும்பைக்குத் திரும்பினார்கள். அவர்கள் போன தூரம் சுமார் 71,000 கிலோமீட்டர்.

இதைப் படிக்கும்போது ஒரு கேள்வி எழுகிறது. பாலைவனத்தின் நடுவில் சைக்கிள் பஞ்சர் ஆனால் என்ன செய்வது? அங்கே கடை ஏது? காற்றடித்துக் கொடுக்க ஆள் ஏது? பயணம் போகிறவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். வேறு வழியில்லை.

உலகம் சுற்றுபவருக்கு மட்டும்தான் இந்தக் கவலையா? இல்லை. பக்கத்து மாவட்டத்துக்குச் சைக்கிளில் போகிறவருக்கும் இதே கவலை உண்டு. இரவு நேரம். ஆளில்லாத சாலை. பின் சக்கரத்தில் காற்றில்லை. அப்போது 10 கிலோமீட்டரும் பெரிய தூரம்தான்.

நெடும்பயணத்துக்கு எந்தப் பம்பு நல்லது? கூடவே எதையெல்லாம் எடுத்துப் போக வேண்டும்? தெரிந்துகொள்ளலாம், வாருங்கள்.

கடையில் ஒரு பேச்சு

ஒரு சைக்கிள் கடை. ஐந்து பெண்கள் சேர்ந்து நான்கு நாள் சைக்கிள் பயணம் போகத் திட்டமிட்டிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் கடைக்கு வருகிறார்.

"அண்ணே, பையில் வைக்கிற மாதிரி ஒரு நல்ல பம்பு கொடுங்க."

"தரலாம் தங்கச்சி. உன் சைக்கிளில் என்ன வால்வு?"

"வால்வா? அதெல்லாம் தெரியாதுண்ணே. சைக்கிள் பம்பு எல்லாம் ஒன்றுதானே?"

"அப்படி நினைத்துத்தான் பலரும் ஏமாந்து போகிறார்கள். போன முறை எங்கேயாவது மாட்டிக்கொண்டீர்களா?"

"ஆமாண்ணே. தோழி ஒருத்தியின் சைக்கிள் பஞ்சர். பம்பு இருந்தது. ஒட்டவும் ஒட்டிவிட்டோம். ஆனால் பம்பின் வாய் அவள் சைக்கிளில் பொருந்தவே இல்லை. ராத்திரி ஒன்பது மணி வரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தோம். அவள் அப்பா ஊரெல்லாம் தேடிவிட்டார். இனிமேல் பயணமே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்."

"பார்த்தாயா? பம்பு இருந்தும் பயனில்லை. முதலில் ஐந்து சைக்கிளையும் கொண்டு வா. வால்வைப் பார்ப்போம். டயரில் எழுதியிருப்பதைப் படிப்போம். பிறகு பம்பு வாங்கலாம்."

கடைக்காரர் சொன்னது சரிதான். பம்பைத் தேர்ந்தெடுக்கும் வேலை கடையில் தொடங்குவதில்லை. உங்கள் சைக்கிளின் சக்கரத்தில்தான் தொடங்குகிறது.

வால்வு மூன்று வகை

காற்றடிக்கும் வாயைத்தான் வால்வு என்கிறோம். நம் நாட்டுச் சைக்கிள்களில் மூன்று வகை வால்வுகள் உள்ளன.

முதல் வகை, நம் பழைய கறுப்புச் சைக்கிளில் இருப்பது. இதன் பெயர் உட்ஸ் வால்வு. டன்லப் வால்வு என்றும் சொல்வார்கள். இதன் மேல் திருகைக் கழற்றினால் உள்ளே ஒரு சிறு குழல் இருக்கும். குழலின் பக்கத்தில் ஓர் ஓட்டை இருக்கும். அதன்மேல் மெல்லிய ரப்பர் உறை போட்டிருக்கும். இதைத்தான் கடைகளில் 'வால் டியூப்' என்கிறார்கள். காற்றடிக்கும்போது ரப்பர் விலகும். காற்று உள்ளே போகும். அடிப்பதை நிறுத்தினால் உள்ளே இருக்கும் காற்றே ரப்பரை அமுக்கி ஓட்டையை மூடிவிடும். எளிய ஏற்பாடு. ஆனால் ரப்பர் பழையதாகிக் கிழிந்தால் காற்று இறங்கும். டியூபில் பஞ்சர் இருக்காது. தேடித் தேடி அலுத்துப் போவோம்!

இரண்டாம் வகை, மோட்டார் சைக்கிளிலும் காரிலும் இருப்பது போன்றது. தடித்த வாய். இதன் பெயர் ஷ்ரேடர் வால்வு. மலைச் சாலைக்கான தடித்த டயர் சைக்கிள்கள் பலவற்றில் இது இருக்கிறது. இதில் ஒரு வசதி உண்டு. சாலையோரப் பஞ்சர் கடையிலும் பெட்ரோல் பங்கிலும் இதற்குக் காற்றடிக்க முடியும். ஆனால் கவனம் தேவை. அந்த எந்திரம் வேகமாகக் காற்றை ஏற்றும். சைக்கிள் டியூப் சிறியது. கொஞ்சம் அசந்தால் வெடித்துவிடும்.

மூன்றாம் வகை, மெல்லிய நீண்ட வாய். இதன் பெயர் பிரெஸ்டா வால்வு. ஓட்டப் பந்தயச் சைக்கிளிலும், விலை உயர்ந்த பயணச் சைக்கிளிலும் இருக்கும். இதன் நுனியில் குட்டித் திருகு ஒன்று உண்டு. அதைத் தளர்த்தினால்தான் காற்று உள்ளே போகும். அடித்து முடித்ததும் மறக்காமல் இறுக்க வேண்டும். இது தெரியாமல் பம்பு கெட்டுவிட்டது என்று நினைத்து மூலையில் போட்டவர்கள் உண்டு.

பம்பின் வாய் உங்கள் வால்வுக்குப் பொருந்த வேண்டும். இதுதான் முதல் விதி. பிரெஸ்டாவுக்கான பம்பு வாய் பெரும்பாலும் உட்ஸ் வால்வுக்கும் பொருந்தும். ஷ்ரேடருக்கான வாய் பொருந்தாது. இரண்டு வாய் உள்ள பம்புகளும் கிடைக்கின்றன. குழுவாகப் போகிறவர்களுக்கு அதுவே நல்லது. எல்லாச் சைக்கிளுக்கும் ஒரு பம்பு போதும்.

இன்னொரு சிறு பொருளும் உண்டு. பித்தளையில் செய்த ஒரு திருகு மூடி. அதைப் பிரெஸ்டா வால்வின் மேல் திருகினால், அது தடித்த வாய் போல் ஆகிவிடும். அப்போது பஞ்சர் கடையிலும் காற்றடிக்கலாம். விரல் நுனி அளவுதான் இருக்கும். விலையும் குறைவு. பையில் போட்டு வைக்கலாம்.

டயர் என்ன சொல்கிறது?

சைக்கிள் டயரின் பக்கவாட்டைத் தண்ணீர் விட்டுத் துடையுங்கள். எண்களும் எழுத்துகளும் தெரியும். அதைப் படியுங்கள். நமக்குத் தேவையான இரண்டு செய்திகள் அங்கே இருக்கின்றன.

முதல் செய்தி, டயரின் அளவு. பழைய கறுப்புச் சைக்கிளில் 28 × 1½ என்று இருக்கும். 28 என்பது சக்கரத்தின் உயரம். 1½ என்பது டயரின் அகலம். இரண்டும் அங்குலக் கணக்கு.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அங்குலக் கணக்கு ஒன்றாக இருந்தாலும் டயர் பொருந்தாமல் போகலாம். 26 × 1⅜ என்று ஒரு டயர் உண்டு. 26 × 1.95 என்றும் ஒரு டயர் உண்டு. இரண்டிலும் 26தான். ஆனால் ஒன்றின் சக்கரத்தில் இன்னொன்றைப் போட முடியாது.

இதற்காகவே இன்னொரு எண்ணும் டயரில் எழுதியிருப்பார்கள். 40-635 என்பது போல இருக்கும். முதல் எண் டயரின் அகலம். இரண்டாம் எண், டயர் உட்காரும் இடத்தில் ரிம்மின் குறுக்களவு. இரண்டும் மில்லிமீட்டர் கணக்கு. இந்த இரண்டாம் எண் ஒன்றாக இருந்தால்தான் டயர் பொருந்தும். பழைய கறுப்புச் சைக்கிளுக்கு 635. பந்தயச் சைக்கிளுக்கு 622. பழைய மலைச் சைக்கிளுக்கு 559. உங்கள் சைக்கிளின் எண் என்ன? ஒரு தாளில் எழுதி வையுங்கள். மாற்று டயரோ டியூபோ வாங்கும்போது அந்தத் தாளைக் காட்டுங்கள்.

இரண்டாம் செய்தி, எவ்வளவு காற்று அடிக்கலாம் என்பது. இதைப் பி.எஸ்.ஐ. என்ற கணக்கில் எழுதியிருப்பார்கள். பார் என்ற கணக்கும் உண்டு. ஒரு பார் என்பது சுமார் 14½ பி.எஸ்.ஐ. அதாவது 3 பார் என்றால் ஏறக்குறைய 44 பி.எஸ்.ஐ. டயரில் எழுதியுள்ள உச்ச அளவைத் தாண்டக் கூடாது. பின் சக்கரத்தின் மேல்தான் ஆளின் எடையும் மூட்டையின் எடையும் அதிகம் இறங்குகிறது. ஆகவே பின் சக்கரத்துக்கு முன் சக்கரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் காற்று வேண்டும்.

காற்று குறைவாக இருந்தால் என்ன கெடுதி? சக்கரம் குழியில் விழும்போது டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் நசுங்கும். பக்கம் பக்கமாக இரண்டு ஓட்டை விழும். பாம்பு கடித்தது போல் இருக்கும். டியூபில் இப்படி இரட்டை ஓட்டையைப் பார்த்தால், முள்ளைத் தேட வேண்டாம். காற்று குறைவுதான் காரணம்.

சின்ன பம்பா, பெரிய பம்பா?

பம்பு என்பது ஒரு குழாய். உள்ளே ஒரு தண்டு. தண்டின் நுனியில் வாஷர். தண்டை அமுக்கினால் குழாயில் உள்ள காற்று டயருக்குள் போகும். அவ்வளவுதான்.

குழாய் ஒல்லியாக இருந்தால் நல்லதா? தடிமனாக இருந்தால் நல்லதா? கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

குழாயின் உள் அகலம் 2 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். டயரில் 3 பார் காற்று ஏறிவிட்டது. அப்போது தண்டை அமுக்கச் சுமார் 10 கிலோ எடைக்குச் சமமான பலம் வேண்டும். குழாயின் உள் அகலம் 3 சென்டிமீட்டர் என்றால்? சுமார் 21 கிலோ. அகலம் ஒரு சென்டிமீட்டர்தான் கூடியது. பலமோ இரண்டு மடங்குக்கு மேல் தேவைப்படுகிறது!

அப்படியானால் ஒல்லிப் பம்புதான் நல்லதா? அவசரப்பட வேண்டாம். இன்னொரு கணக்கும் இருக்கிறது.

பழைய கறுப்புச் சைக்கிளின் ஒரு டயருக்குள் சுமார் 2.7 லிட்டர் இடம் உண்டு. அதில் 3 பார் ஏற்ற, வெளியிலிருந்து சுமார் 8 லிட்டர் காற்றை உள்ளே தள்ள வேண்டும். 2 சென்டிமீட்டர் அகலமும் 15 சென்டிமீட்டர் ஓட்டமும் உள்ள குட்டிப் பம்பு, ஒரு தடவைக்கு 47 மில்லிலிட்டர்தான் தள்ளும். சுமார் 170 தடவை அடிக்க வேண்டும். 3 சென்டிமீட்டர் அகலமும் 20 சென்டிமீட்டர் ஓட்டமும் உள்ள பம்பு என்றால் 57 தடவை போதும். வீட்டில் நின்றுகொண்டு அடிக்கும் உயரமான பம்பு என்றால் 25 தடவையில் வேலை முடியும். கணக்கில் வருவது இவ்வளவு. நடைமுறையில் கொஞ்சம் கூடுதலாகவே அடிக்க வேண்டியிருக்கும்.

இரண்டு கணக்கையும் சேர்த்துப் பார்த்தால் விடை கிடைக்கிறது. தடித்த டயருக்குக் காற்று நிறைய வேண்டும், அழுத்தம் குறைவாகப் போதும். ஆகவே அகலமான பம்பு ஏற்றது. மெல்லிய டயருக்குக் காற்று கொஞ்சம் போதும், அழுத்தம் அதிகம் வேண்டும். ஆகவே ஒல்லியான பம்பு ஏற்றது. 6 பார் வேண்டிய மெல்லிய டயரில் அகலமான பம்பை வைத்தால் 40 கிலோவுக்கு மேல் பலம் கொடுக்க வேண்டும். கையால் முடியுமா?

மலை ஏறினால் காற்று மெலியும்

இமாசலப் பிரதேசத்தில் உள்ள மணாலியிலிருந்து லடாக்கில் உள்ள லே நகருக்கு ஒரு மலைச் சாலை போகிறது. கோடை மாதங்களில் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் சைக்கிள் பயணிகள் அங்கே வருகிறார்கள். ரோதாங் கணவாய் வழியாகப் போனால் சுமார் 475 கிலோமீட்டர். 2020ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அடல் சுரங்கப்பாதை வாகனங்களுக்கு இந்தத் தூரத்தை 46 கிலோமீட்டர் குறைத்தது.

இந்தச் சாலையில் கீலாங் என்ற சிற்றூரைத் தாண்டினால் லே வரை பெரிய ஊர் கிடையாது. அந்தத் தூரம் சுமார் 360 கிலோமீட்டர். வழியில் கோடைக் காலத்துக் கூடாரக் கடைகள் இருக்கும். சோறும் தேநீரும் கிடைக்கும். சைக்கிள் டியூபை அங்கே எதிர்பார்க்க முடியாது. தங்லாங் லா என்ற கணவாயில் சாலை 5,300 மீட்டருக்கும் மேல் ஏறுகிறது.

அந்த உயரத்தில் காற்று மெலிந்திருக்கும். கடற்கரையில் இருக்கும் காற்றழுத்தத்தில் ஏறக்குறைய பாதிதான் இருக்கும். அங்கே பம்பை ஒரு தடவை அடித்தால், உள்ளே போகும் காற்றும் பாதிதான். கீழே 170 தடவை அடித்தால் போதும் என்றால், மேலே 300 தடவைக்கு மேல் அடிக்க வேண்டும். அடிப்பவருக்கும் மூச்சு வாங்கும். குளிரில் விரல் விறைக்கும். கடையில் பார்க்க அழகாக இருந்த குட்டிப் பம்பு அங்கே பெரும் பாடு படுத்திவிடும்.

ஆகவே பம்பின் எடையை மட்டும் பார்க்கக் கூடாது. போகிற இடத்தையும் பார்க்க வேண்டும். 100 கிராம் கூடினாலும் பரவாயில்லை. ஓட்டம் நீளமான பம்பே மலைக்கு ஏற்றது.

காற்று அடைத்த சிறு உலோகக் குப்பிகளும் விற்கிறார்கள். அதில் இருப்பது கரியமில வாயு. ஒரு நொடியில் டயர் நிறைந்துவிடும். ஆனால் ஒரு குப்பி ஒரு தடவைக்குத்தான். தவறாக ஒட்டியிருந்தால் வாயு வீணாகிவிடும். கிராமத்தில் புதிய குப்பி கிடைக்காது. மேலும், கரியமில வாயு ரப்பர் வழியாகச் சீக்கிரம் கசியும். நெடும்பயணத்துக்குக் கைப்பம்பே நம்பகமானது.

நல்ல பம்புக்கு அடையாளம்

கடையில் பம்பைக் கையில் எடுத்ததும் இவற்றைப் பாருங்கள்.

• ரப்பர் குழல் உள்ளதா? குழல் இல்லாமல் நேராக வால்வில் மாட்டும் பம்பு அடிக்கும்போது ஆடும். வால்வின் அடி கிழிந்துவிடும். அங்கே கிழிந்தால் ஒட்டவும் முடியாது.

• காலால் மிதிக்க ஒரு கட்டை உள்ளதா? தரையில் ஊன்றி அடித்தால் உடம்பின் எடையைப் பயன்படுத்தலாம். கை வலிக்காது.

• வாயை விரலால் அடைத்துக்கொண்டு தண்டை அமுக்குங்கள். எதிர்த்து நிற்க வேண்டும். வழுக்கிக்கொண்டு இறங்கினால் வாஷர் சரியில்லை.

• வாஷர் தனியாகக் கிடைக்குமா? கேட்டு வாங்குங்கள். பழைய பம்பில் தோல் வாஷர் இருக்கும். தோல் காய்ந்தால் சுருங்கும். காற்று பின்னால் போய்விடும். பம்பைத் திறந்து, தோலை விரித்து, சில சொட்டு எண்ணெய் விட்டால் மீண்டும் வேலை செய்யும்.

• சைக்கிள் சட்டத்தில் மாட்ட வசதி உள்ளதா? வெளியில் மாட்டும் பம்பின் வாயைத் துணியால் மூடுங்கள். புழுதியும் மணலும் உள்ளே போனால் வாஷர் கெட்டுவிடும்.

எதை எடுத்துப் போவது?

எல்லாவற்றையும் எடுத்துப் போனால் சுமை கூடும். எதையும் எடுக்காமல் போனால் வழியில் நிற்க வேண்டும். எப்படி முடிவு செய்வது?

ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள். "இது வழியில் கிடைக்குமா?"

பழைய கறுப்புச் சைக்கிளின் சாமான்கள் நம் நாட்டில் சின்ன ஊரிலும் கிடைக்கும். அதைப் பழுது பார்க்கத் தெரிந்தவரும் இருப்பார். விலை உயர்ந்த கியர் சைக்கிளின் சாமான் அப்படி இல்லை. பெரிய நகரத்தில்தான் கிடைக்கும். ஆகவே சைக்கிள் எவ்வளவு புதுமையானதோ, பை அவ்வளவு நிறைய வேண்டும்.

எந்தச் சைக்கிளுக்கும் வேண்டியவை இவை:

1. மாற்று டியூப். ஒருவருக்கு ஒன்று. கடையில்லாத சாலை என்றால் இரண்டு. டயர் அளவும் வால்வும் பொருந்த வேண்டும். தடித்த வால்வு மெல்லிய ஓட்டை உள்ள ரிம்மில் நுழையாது.

2. பஞ்சர் ஒட்டும் சாமான். ஒட்டுத் துண்டுகள், சொல்யூஷன், உப்புத்தாள். திறந்த சொல்யூஷன் சில வாரங்களில் காய்ந்துவிடும். திறக்காத குழாய் ஒன்று தனியாக இருக்கட்டும்.

3. டயர் லீவர் இரண்டு அல்லது மூன்று. ஸ்குரூ டிரைவரால் டயரைக் கழற்றினால் டியூப் கிழியும்.

4. பழைய டயர்த் துண்டு ஒன்று, உள்ளங்கை அளவில். டயரே கிழிந்துவிட்டால் கிழிசலுக்கு உள்பக்கம் வைக்கலாம். அடுத்த ஊர் வரை தாங்கும்.

5. உங்கள் சைக்கிளின் நட்டுகளுக்குப் பொருந்தும் ஸ்பேனர். புதிய சைக்கிள் என்றால் ஆறு பட்டை அலன் சாவிகள். பெரும்பாலும் 4, 5, 6 மில்லிமீட்டர் தேவைப்படும்.

6. செயின் இணைப்பு ஒன்று. கறுப்புச் சைக்கிளின் செயின் அகலமானது. கியர் சைக்கிளின் செயின் ஒல்லியானது. ஒன்றின் இணைப்பு இன்னொன்றுக்கு ஆகாது.

7. போக்ஸ் கம்பி நான்கு. பழைய கறுப்புச் சைக்கிளின் முன் சக்கரத்தில் 32 கம்பிகள், பின் சக்கரத்தில் 40 கம்பிகள். பின் சக்கரத்துக்குக் கம்பிகள் ஏன் அதிகம்? பாரம் அங்கேதான். உடைவதும் பெரும்பாலும் அங்கேதான். சரியான நீளம் பார்த்து வாங்குங்கள்.

8. பிரேக் கட்டை ஒரு ஜோடி. கம்பி வடத்தில் இயங்கும் பிரேக் என்றால் வடம் ஒன்று. மலை இறக்கத்தில் பிரேக் என்பது உயிர் காக்கும் பொருள்.

9. சிறு பொருள்கள். சில நட்டுகள், ஒட்டும் டேப், கட்டுக் கயிறு, கந்தைத் துணி, சிறு புட்டியில் எண்ணெய். உட்ஸ் வால்வு என்றால் விரல் நீளம் வால் டியூப்.

குழுவாகப் போனால் ஸ்பேனரையும் பம்பையும் பகிர்ந்து எடுத்துப் போகலாம். ஆனால் ஐந்து பேருக்கு ஒரே பம்பு என்றால் அதை யாரிடம் கொடுப்பது? கடைசியில் வருபவரிடம் கொடுங்கள். முன்னால் போகிறவரிடம் இருந்தால், பின்னால் பஞ்சர் ஆனவர் காத்து நிற்க வேண்டியதுதான்.

முள்ளை மறக்காதீர்கள்

குஜராத் மாநிலத்தில் கட்ச் என்ற வறண்ட பகுதி உள்ளது. அங்கே தோலாவிரா என்ற இடத்தில் பழைய சிந்து நாகரிக நகரம் ஒன்று அகழ்ந்து எடுக்கப்பட்டுள்ளது. 2021ஆம் ஆண்டு அது உலகப் பாரம்பரியச் சின்னம் ஆயிற்று. காவ்டா பக்கமிருந்து அங்கே போகும் சாலை, வெள்ளை உப்புவெளியின் நடுவே போகிறது. சைக்கிள் பயணிகள் விரும்பிப் போகும் இடம்.

கட்ச் பகுதியெங்கும் சீமைக் கருவேல மரங்கள் மண்டிக் கிடக்கின்றன. நமக்கும் பழகிய மரம்தான். அதன் முள் டயரைத் துளைத்துவிடும். முள்ளின் நுனி டயருக்குள்ளேயே ஒடிந்து நிற்கும். வெளியே பார்த்தால் தெரியாது. அவசரத்தில் டியூபை மட்டும் ஒட்டிப் போட்டால், பத்து நிமிடத்தில் மறுபடியும் பஞ்சர்.

ஆகவே ஒட்டுவதற்கு முன் முள்ளைத் தேட வேண்டும். டயரின் உள்பக்கம் கந்தைத் துணியால் சுற்றித் துடையுங்கள். முள் இருக்கும் இடத்தில் துணி மாட்டும். வெறும் விரலால் தடவாதீர்கள். விரலில் குத்திவிடும்.

ஓட்டையைக் கண்டுபிடிக்கத் தண்ணீர்த் தொட்டி இல்லையா? டியூபில் காற்றடித்துக் கன்னத்தின் அருகே சுற்றிக்கொண்டே வாருங்கள். காற்று படும் இடம் தெரியும். சந்தேகமான இடத்தில் கொஞ்சம் எச்சில் தொட்டு வைத்தால் குமிழி வரும்.

ஓட்டையைச் சுற்றி உப்புத்தாளால் தேயுங்கள். சொல்யூஷனை மெல்லியதாகப் பூசுங்கள். உடனே ஒட்டாதீர்கள்! ஐந்து நிமிடம் காயட்டும். பளபளப்பு மறைந்த பிறகு ஒட்டுத் துண்டை வைத்து அழுத்துங்கள். ஒட்டு பிடிக்காமல் போவதற்குப் பொறுமையின்மைதான் பெரிய காரணம்.

ஓட்டை டியூபின் உள்வட்டத்தில், ரிம் பக்கம் இருக்கிறதா? அப்படியானால் குற்றவாளி முள் அல்ல. போக்ஸ் கம்பியின் நுனி குத்தியிருக்கும். ரிம்மின் மேல் உள்ள பட்டை விலகியிருக்கிறதா என்று பாருங்கள்.

வீட்டு வாசலில் ஓர் ஒத்திகை

எல்லாம் வாங்கியாயிற்று. பையில் போட்டாயிற்று. பயணம் புறப்படலாமா? இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது.

புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு வீட்டு வாசலில் உட்காருங்கள். பின் சக்கரத்தைக் கழற்றுங்கள். காற்றை முழுதும் இறக்குங்கள். டயரை எடுங்கள். மாற்று டியூபைப் போடுங்கள். பயணத்துக்கு வாங்கிய அதே பம்பால் காற்றடியுங்கள். வீட்டில் உள்ள பெரிய பம்பைத் தொடாதீர்கள். எத்தனை தடவை அடித்தீர்கள் என்று எண்ணுங்கள். எண்ணை எழுதி வையுங்கள்.

அப்போது எல்லாம் தெரிந்துவிடும். ஸ்பேனர் பொருந்துகிறதா? டியூப் சரியான அளவா? பம்பின் வாய் வால்வைப் பிடிக்கிறதா? ஏதாவது குறை இருந்தால் கடை பக்கத்திலேயே இருக்கிறது. மாற்றிக்கொள்ளலாம். நடுவழியில் தெரிந்தால் யாரிடம் போய் மாற்றுவது?

"இதெல்லாம் ஆண்கள் வேலை" என்று சிலர் சொல்வார்கள். டியூபுக்கு ஆண் பெண் தெரியாது. கற்றுக்கொண்டவர் கைக்கு அது இணங்கும்.

கடைக்கு வந்த அந்தப் பெண்ணை நினைத்துப் பாருங்கள். அடுத்த நாள் ஐந்து சைக்கிள்களும் கடை வாசலில் நின்றன. ஐந்து பெண்களும் டயரைத் துடைத்து எண்களைப் படித்தார்கள். மூன்று சைக்கிளில் உட்ஸ் வால்வு. இரண்டில் ஷ்ரேடர் வால்வு. இரண்டு வாய் உள்ள பம்பு ஒன்றை வாங்கினார்கள். தோழியின் அப்பாவும் உடன் வந்திருந்தார். மகள் தன் கையால் சக்கரத்தைக் கழற்றி, டியூபை மாற்றி, காற்றடித்து, மறுபடி மாட்டியதை நின்று பார்த்தார்.

"சரிம்மா, போய்ட்டு வா" என்றார்.

படித்தோம், செய்து பார்ப்போம்

1. உங்கள் சைக்கிள் டயரில் என்ன எண்கள் உள்ளன? எழுதுங்கள்.

2. உங்கள் சைக்கிளில் உள்ளது எந்த வகை வால்வு? உங்கள் வீட்டுப் பம்பு அதற்குப் பொருந்துகிறதா?

3. மலை உச்சியில் பம்பை அதிக தடவை அடிக்க வேண்டும். ஏன்?

4. டியூபில் பக்கம் பக்கமாக இரண்டு ஓட்டை விழுந்தால் காரணம் என்ன?

5. உங்கள் ஊரிலிருந்து அடுத்த சைக்கிள் கடை எத்தனை கிலோமீட்டர்? அந்தத் தூரத்துக்கு உங்கள் பையில் என்னென்ன வேண்டும்? பட்டியல் போடுங்கள்.